திறக்க முடியாத பெட்டியும் என் பால் கணக்கும்

குதிர் நிறைந்துவிட்டால் மிச்ச நெல்லைச் சாக்கில் கட்டிப் போடலாம். பீரோ நிறைந்துவிட்டால் நாத்தனாருக்கு இரண்டு சேலை கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக் கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? அதுவும் மூடியைக் கழற்றவே முடியாதபடி ஒட்டிச் செய்த கம்ப்யூட்டராக இருந்துவிட்டால்? 2024 புரட்டாசியிலும் ஐப்பசியிலும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சே இதுதான்.

"கம்ப்யூட்டர் சமாசாரமா, அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்கிடுவாங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. இது உண்மையில் செலவுக் கணக்கு. எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று யோசிப்பதில் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

எங்கள் ஊர் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, நடுவே மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகிற ரோடு, சிந்தாமணிநாதர் கோயில், நெல், கரும்பு, எலுமிச்சை என்று இருக்கிற ஊர். என் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். மகள் திருநெல்வேலியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். மகன் எட்டாம் வகுப்பு. எனக்கென்று இரண்டு பசு உண்டு. பால் பணம் என் கையில்தான் இருக்கும். வீட்டுச் செலவுக்குக் கேட்டால் கொடுப்பேன், ஆனால் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு கொடுப்பேன்!

கம்ப்யூட்டர் வந்த கதை இது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி 2017-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐமேக் ஒன்று வாங்கினான். இருபத்தொன்றரை அங்குலத் திரை. அந்தத் திரைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். தனியாகப் பெட்டி கிடையாது. 2022-ல் அவன் வேறு வாங்கியபோது, "யக்கா, பிள்ளைங்க படிக்கட்டும்" என்று இதை எங்களிடம் கொடுத்துவிட்டான். உழைக்கிற மாடு மாதிரி நன்றாகவே உழைத்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயிரம் ஜி.பி. இடத்தில் 940 ஜி.பி. அடைத்துக்கொண்டது.

என்ன அடைத்தது என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருஷத்துப் போட்டோ. மகள் படிப்புக்காக எடுக்கிற வீடியோ. ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போனது, குற்றாலச் சாரலில் நனைந்தது, மகனின் முதல் மொட்டை என்று எல்லாம். இவற்றோடு என் அத்தையின் குரலும் இருந்தது. அத்தை என்றால் என் மாமியார். 2023-ல் காலமாகிவிட்டார்கள். அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில் அவர்களை உட்காரவைத்து நானும் மகளும் போனில் பேசப் பேசப் பதிவு செய்தோம். நடவுப் பாட்டு, தாலாட்டு, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கிற பக்குவம், கூட்டாஞ்சோறுக்கு எது முதலில் எது பிறகு என்று மொத்தம் 41 பதிவு. போனில் இடமில்லாமல் அவற்றையும் கம்ப்யூட்டரில்தான் ஏற்றியிருந்தோம். போட்டோ போனால் இன்னொரு போட்டோ எடுக்கலாம். அத்தை குரல் போனால் எங்கே போய் வாங்குவது? ஆகவே இந்த விஷயத்தை நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

படி, மரக்கால், கோட்டை

முதலில் அளவைத் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்தில் நெல்லுக்குப் படி, மரக்கால், கோட்டை என்று இருக்கிற மாதிரி இதற்கு எம்.பி., ஜி.பி., டி.பி. என்று அளவு. ஆயிரம் எம்.பி. ஒரு ஜி.பி. ஆயிரம் ஜி.பி. ஒரு டி.பி. போனில் எடுக்கும் ஒரு போட்டோ சுமார் மூன்று எம்.பி. என்று வைத்துக்கொண்டால் ஒரு ஜி.பி.யில் முந்நூறு போட்டோவுக்கு மேல் பிடிக்கும். வீடியோதான் பெருந்தீனிக்காரன். நல்ல தெளிவில் எடுத்தால் ஒரு நிமிஷத்துக்கே நூறு எம்.பி.க்கு மேல் தின்றுவிடும். குரல் மட்டும் என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குதான் பிடிக்கும்.

தம்பி ஒரு சேதி சொன்னான். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக ஹார்ட் டிஸ்க் என்ற ஒன்றைச் செய்தபோது, இரண்டடி அகலத் தட்டு ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்களாம். முழு இயந்திரமும் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் பிடித்தது ஐம்பது லட்சம் எழுத்து. இன்றைக்கு நம் போனில் எடுக்கிற இரண்டு போட்டோவை அதில் வைக்க முடியாது! இன்று ஒரு டி.பி. என்பது சட்டைப் பையில் அடங்குகிறது. அப்படியிருக்க, இடம் ஒன்றும் பொன் விலை விற்கக் கூடாதே என்று எனக்குத் தோன்றியது. எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பொன் விலையாகவும் இருக்கிறது, புண்ணாக்கு விலையாகவும் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேமிப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஹார்ட் டிஸ்க் என்பது கிராமபோன் தட்டு மாதிரி உள்ளே சுழலும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலுவது எதுவும் இல்லை. வெறும் சில்லுதான். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு நூறு எம்.பி. எடுத்துக் கொடுத்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. ஐந்நூறு எம்.பி. கொடுத்துவிடும். தம்பி கொடுத்த கம்ப்யூட்டரில் இருப்பது சுழலும் ஜாதி. 2017-ல் அந்த இருபத்தொன்றரை அங்குல ஐமேக் சாதாரணமாக அப்படித்தான் வந்தது. கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார்கள்.

திறந்து மாற்றலாமா?

என் வீட்டுக்காரருக்கு இதுதான் யோசனை. "டிராக்டருக்கு டயர் மாத்துத மாதிரிதானே, உள்ளதைக் கழத்திட்டுப் பெருசாப் போட்டுருவோம்" என்றார். நியாயமான பேச்சு. சாதாரண டவர் பெட்டி என்றால் நாலு திருகாணி கழற்றி அரை மணியில் முடிகிற வேலை.

ஆனால் இந்தப் பெட்டியில் திருகாணியே கண்ணில் படாது. 2012 கடைசியில் மெலிசாக வந்த ஐமேக்கிலிருந்து கண்ணாடித் திரையை ஓரம் முழுக்கப் பசை நாடா வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அதைத் திறக்க வேண்டுமானால், நாம் சோமாசி ஓரம் வெட்டுகிற சக்கரக் கரண்டி மாதிரி ஒரு மெல்லிய சக்கரத்தை விளிம்பில் விட்டு, பசையைச் சுற்றிலும் அறுத்து, திரையைத் தூக்கி, உள்ளே ஒயரைக் கழற்ற வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடி விரிசல் விடும். வேலை முடிந்ததும் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புது நாடா ஒட்ட வேண்டும். கரண்ட் ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்பலகையில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் தெரியாதவர்கள் கை வைக்கவே கூடாது. இது நாமே மிக்ஸி பிளேடு மாற்றுகிற காரியம் அல்ல.

இராஜபாளையத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். தம்பி வயசுப் பையன். "யக்கா, ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. ஐயாயிரத்து ஐந்நூறு. கூலியும் ஒட்டுற நாடாவும் நாலாயிரம். ஆனா ஒண்ணு, திரை உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல. எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் தொடுவோம்" என்றான். ஒளிக்காமல் சொன்னானே என்று அவன்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. மொத்தம் 9,500 ரூபாய். அதோடு கண்ணாடி உடைகிற பயம் நம் கணக்கில்!

இங்கே நான் யோசித்தது இன்னொன்று. இந்த ஐமேக்கில் ஏறுகிற கடைசி இயக்குத் திட்டம் 2022-ல் வந்த வென்சுரா. 2023-ல் வந்த சொனோமா இதில் ஏறாது. அதற்கு 2019-லோ அதற்குப் பிறகோ வந்த ஐமேக் வேண்டும். அதாவது இந்தப் பெட்டிக்கு இன்னும் மூன்று நாலு வருஷம் வேலை இருக்கலாம். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. வாடகை வீட்டில் சொந்தக் காசு போட்டு அலமாரி பதிப்போமா? பதித்தால் வீட்டைக் காலி பண்ணும்போது சுவரைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். உள்ளே பதிக்கிற எஸ்.எஸ்.டி.யும் அப்படித்தான். அதை மறுபடி எடுக்க வேண்டுமென்றால் மறுபடி கூலி, மறுபடி நாடா, மறுபடி பயம்.

புதிதே வாங்கிவிடலாமா?

இது மகளின் கட்சி. "யம்மா, இத மாத்துததுக்குப் புதுசே வாங்கிரலாம். சின்னதா, டிபன் டப்பா மாதிரி வந்துருக்கு" என்றாள். அவள் சொன்னது 2024 நவம்பரில் கடைக்கு வந்த மேக் மினி. கையகலப் பெட்டி. நம் நாட்டு விலை 59,900 ரூபாயில் ஆரம்பம். திரை தனி, கீபோர்டு தனி.

சரி, விலைப் பட்டியலைப் படி என்றேன். ஆரம்ப விலைக்கு 256 ஜி.பி. இடம். 512 ஜி.பி. வேண்டுமானால் 79,900. அதாவது கூடுதலாக 256 ஜி.பி.க்கு இருபதாயிரம் ரூபாய். நான் பால் நோட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். ஒரு ஜி.பி. 78 ரூபாய்! இராஜபாளையத்துப் பையன் கூலியோடு சேர்த்துச் சொன்னதே ஒரு ஜி.பி.க்கு ஒன்பதரை ரூபாய்தான். கல்யாண மண்டபத்துக்காரர், "சமையலும் எங்க ஆள்தான் செய்யணும், வெளியாள் கூடாது" என்று சொல்வார் பாருங்கள், அது மாதிரி. வாங்கும்போதே வாங்கினால் அவர்கள் சொன்ன விலை. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கு அவர்களிடம் வழி இல்லை.

இந்தப் பழக்கம் ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. இன்று வருகிற மெலிசான லேப்டாப் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். சிலவற்றில் சேமிப்புச் சில்லும் அப்படித்தான். பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று உலகமெங்கும் ஜனங்கள் கேட்க ஆரம்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் மத்திய அரசின் நுகர்வோர் துறைகூட 2022-ல் இதற்கென்று ஒரு குழு அமைத்தது.

புதிது வாங்கும் யோசனையை நான் நிராகரிக்கவில்லை. "படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போகும்போது எது வேணுமோ அப்ப வாங்கு, இப்ப ஹாஸ்டல் பீஸ் கட்டணும்" என்றேன். மகளுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் வாதம் பண்ணவில்லை.

வானத்தில் வைக்கலாமா?

கிளவுட் என்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். பணம் கட்டினால் கூகுளோ ஆப்பிளோ தங்கள் இடத்தில் நம் போட்டோவை வைத்துக்கொள்வார்கள். கூகுளில் 15 ஜி.பி. வரை காசில்லை. முன்பு போட்டோவைக் கொஞ்சம் சுருக்கி வைத்தால் கணக்கில் சேர்க்காமல் இருந்தார்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் விசாரித்தபோது இரண்டு டி.பி.க்கு வருஷம் 6,500 ரூபாய். பார்வைக்குக் குறைவுதான். ஆனால் இது வருஷா வருஷம் கட்டுகிற வாடகை. ஐந்து வருஷத்துக்கு 32,500 ஆகிறது. நடுவில் கட்டாமல் விட்டால் வைத்த சாமானை எடுத்துக்கொள் என்பார்கள்.

அதைவிட, ஏற்றுவது பெரும்பாடு. வீட்டில் நாங்கள் உபயோகிப்பது போன் நெட். தினம் இரண்டு ஜி.பி. தினம் தவறாமல் அத்தனையையும் இதற்கே செலவழித்தாலும் 900 ஜி.பி. ஏற்ற 450 நாள் ஆகும். ஒயர் இழுத்த நெட் உள்ளவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. வினாடிக்கு ஐந்து எம்.பி. வீதம் ஏறினால் இரண்டு நாள் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். அவரவர் வசதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

முதலில் காசில்லாத வேலை

எதையும் வாங்குவதற்கு முன்னால் போகிக்கு வீடு ஒழிக்கிற மாதிரி ஒழித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பத்து நாள், மத்தியானம் ஒரு மணி நேரம். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கம், பொங்கல் வாழ்த்து, தலைவலிக்குச் சுக்குப் பற்று எல்லாம் போனது. ஒரே போட்டோ மூன்று இடத்தில் இருந்தது. மகள் வெட்டி ஒட்டி முடித்த வீடியோக்களின் மூலத் துண்டுகள் மலைபோலக் கிடந்தன. அவளைக் கேட்டுக் கேட்டு அவள் சம்மதித்ததை மட்டும் நீக்கினேன். நீக்கியது உடனே போகாது, குப்பைத் தொட்டியில் நிற்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். முடிவில் 210 ஜி.பி. மீந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

ஒழித்தபோது ஒரு உண்மை தெரிந்தது. தினம் எங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். மகளின் இந்த மாத வேலை, மகனின் பாடம், என் மகளிர் குழுக் கணக்கு எல்லாம் சேர்ந்து நூறு ஜி.பி.கூட வராது. மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தால் போதும். வேகமாக வர வேண்டியதில்லை.

இது நமக்குத் தெரியாத விஷயமா? அஞ்சறைப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். குதிர் பின்கட்டில் இருக்கும். நெல் முழுவதையும் அடுப்படியில் வைக்க எந்தப் பெண்ணாவது இடம் கேட்பாளா? கடுகுக்குப் பின்கட்டுக்கு ஓடுவாளா? வேகமான எஸ்.எஸ்.டி. விலை கூடுதல், அது அஞ்சறைப் பெட்டி. சுழலும் ஹார்ட் டிஸ்க் விலை மலிவு, அதுதான் குதிர். இரண்டுக்கும் ஒரே சாமானைப் பெரிதாக வாங்கப் போனதால்தான் விலை பயமுறுத்தியது.

நான் வாங்கியது

பெட்டியைத் திறக்கவே வேண்டாம், வெளியிலிருந்து சொருகினால் போதும் என்று தம்பி போனில் சொன்னான். இந்த ஐமேக்கின் முதுகில் வேகமான சொருகுவாய் இரண்டு உண்டு. அதில் ஒரு கையடக்க எஸ்.எஸ்.டி.யைச் சொருகி, இயக்குத் திட்டத்தையே அதில் ஏற்றி, தினம் அதிலிருந்தே கம்ப்யூட்டர் எழும்பும்படி செய்துவிடலாம். உள்ளே உள்ள பழைய டிஸ்க் இடம் மாறாமல் போட்டோவுக்குக் குதிராகக் கிடக்கட்டும்.

அப்போது நான் கொடுத்த விலை இது. 500 ஜி.பி. கையடக்க எஸ்.எஸ்.டி. 4,600 ரூபாய். ஒரு ஜி.பி. ஒன்பது ரூபாய் சொச்சம். இரண்டு டி.பி. வெளி ஹார்ட் டிஸ்க் 6,400. ஒரு ஜி.பி. மூன்று ரூபாய் இருபது காசு. ஆக 11,000 ரூபாய். பால் பணத்தில் பன்னிரண்டாயிரம் ஒதுக்கியிருந்தேன். ஆயிரம் மிச்சம்.

"உள்ள மாத்தினா ஒம்பதாயிரத்து ஐந்நூறுல முடிஞ்சிருக்குமே" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பணத்துக்கு வேகம் கிடைத்திருக்கும். ஆனால் அத்தையின் குரலுக்கு இரண்டாவது பிரதி கிடைத்திருக்காது. அதற்கு எப்படியும் இன்னொரு டிஸ்க் வாங்கத்தான் வேண்டும். அந்த 6,400-ஐயும் சேர்த்தால் 15,900. அதோடு, நான் வாங்கிய இரண்டும் நாளைக்கு எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் அதோடு சேர்ந்துகொள்ளும். மகள் புதிதாக வாங்கும்போது குறைந்த இடமுள்ளதையே வாங்கினால் போதும். அந்த இருபதாயிரம் இப்போதே மிச்சமான மாதிரிதான். இதைச் சொன்னதும் அவர், "சரி, நீ உரக்கடைக் கணக்கையும் பாரேன்" என்றார். அந்த வேலை எனக்கு வேண்டாம் என்றேன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் சொல்லச் சொல்ல மகள் செய்தாள். முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கங்கே திறந்து பார்த்த பிறகுதான் மற்ற வேலையில் கை வைத்தோம். இந்த வரிசையை யாரும் மாற்றாதீர்கள். இராத்திரிக்குள் முடிந்தது. முன்பு ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காப்பி கலந்துவிட்டு வருவேன். இப்போது பால் பொங்குவதற்குள் எழும்பிவிடுகிறது.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தை

உங்களில் பலர் வீட்டில் இப்படி ஒட்டுப் பெட்டி இல்லாமல் சாதாரண டவரோ லேப்டாப்போ இருக்கலாம். லேப்டாப்பில் டிஸ்க்கைக் கழற்ற முடியுமா, பற்றவைத்ததா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்ற முடிகிற பெட்டி என்றால் உள்ளேயே மாற்றுவதுதான் லாபம். புதிதாக வாங்குகிறவர்கள் விலை கேட்கும்போதே, "பின்னால் இடம் கூட்ட முடியுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

குழந்தை பிறந்த முதல் வருஷத்தில்தான் போட்டோ அதிகம் எடுப்போம். அவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொன்ன ஒரு கணக்கை இன்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தையின் 41 பதிவும் பழைய டிஸ்க்கில் ஒன்று, பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. அவை மொத்தம் மூன்று ஜி.பி.கூட இல்லை என்பதால் கூகுளின் காசில்லாத இடத்தில் ஒன்று. எல்லாவற்றையும் வானத்தில் வைக்கப் பணம் வேண்டும். விலைமதிக்க முடியாததை மட்டும் வைக்கப் பணம் வேண்டாம்.

வெளியே சொருகுவதில் சில ஜாக்கிரதை உண்டு. கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த எஸ்.எஸ்.டி.யைப் பிடுங்கக் கூடாது. தவழுகிற குழந்தைக்கு ஒயர் என்றால் உயிர். ஆகவே எட்டாத உயரத்தில் திரையின் முதுகுப்பக்கமாகப் பட்டை போட்டு ஒட்டிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கீழே போட்டால் போச்சு, உள்ளே சுழலும் தட்டு அடிபடும். துணியில் சுற்றி பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புதியதை ஏற்றுங்கள். எஸ்.எஸ்.டி.யைக் கரண்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது. நீண்ட நாள் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான் தோது. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரென்றால் ஒரு சின்ன யு.பி.எஸ். அவசியம். புது இயக்குத் திட்டம் ஏறாத பழைய பெட்டியில் பாங்கு விஷயங்களைச் செய்யாதீர்கள். நாங்கள் செய்வதில்லை.

மலிவு கண்டு மயங்கவும் வேண்டாம். "பத்து டி.பி. தொள்ளாயிரம் ரூபாய்" என்று போனில் விளம்பரம் வருகிறது. அது நடக்காத காரியம். உள்ளே சின்னச் சில்லை வைத்துவிட்டுப் பெரிய அளவு காட்டும்படி ஏமாற்றுகிறார்கள். ஏற்றும்போது ஏறுவது போலத்தான் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பில் போட்டு, உத்தரவாத அட்டை கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

நான் சொன்ன விலை எல்லாம் 2024 ஐப்பசி விலை. 2025 கடைசியிலிருந்து சில்லு விலை உலகமெங்கும் ஏறியிருக்கிறது. செயற்கை அறிவுக்கென்று பெரிய பெரிய கம்பெனிகள் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதுதான் காரணம். ஆகவே வாங்குகிற அன்றைய விலையைப் போட்டு, எத்தனை ஜி.பி.யோ அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஜி.பி. என்ன விலை என்று தெரிந்துவிட்டால் கடைக்காரர் எத்தனை பேச்சுப் பேசினாலும் நாம் குழம்ப மாட்டோம். ஆனால் அந்த வகுத்தலுக்கு முன்னால் பத்து நாள் ஒழிக்கிற வேலையைச் செய்துவிடுங்கள். எத்தனை ஜி.பி. வேண்டும் என்பதே அதற்குப் பிறகுதான் தெரியும்.